சர்வர் ரூம் நாற்காலி

கொஞ்சம் நீங்கி உக்காருங்க தம்பி. பை மடியில இருக்கட்டும், பரவால்ல. ஜன்னல் ஓரம் உங்களுக்குத்தான், எனக்கு அதெல்லாம் வேண்டாம், உக்கார இடம் கெடச்சா போதும். சங்கரன்கோவில்ல இருந்து திருநெல்வேலி வரைக்கும் நின்னுக்கிட்டே போறவன் எவ்வளவு பாவம் செஞ்சவனா இருக்கணும், சொல்லுங்க.

லேப்டாப்பை ஏன் மூடுதீங்க? நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நானும் உங்க லைன்தான். என்னைப் பாத்தா தெரியாது, எல்லாரும் வேட்டி விக்கிற ஆளுன்னுதான் நெனைப்பாவ. எங்க ஊர்ல பஜார்ல நாலு மாடி ஜவுளிக்கடை ஒண்ணு இருக்கு. அங்க சர்வருக்கு இன்சார்ஜ் நான். பேரு கோமதிநாயகம். இன்சார்ஜா இருக்கேன்னு சொல்லணுமா, இருந்தேன்னு சொல்லணுமா, அதுதான் இப்ப குழப்பம். அதுக்காகத்தான் திருநெல்வேலிக்குப் போறேன். ஒரு பிள்ளை மேல புகார் குடுக்கணும்.

சிரிக்காதீங்க. கேட்டுட்டுச் சிரிங்க.

நீங்க ஜவுளிக்கடையில வேலை பாத்ததில்லை, மொகத்தைப் பாத்தாலே தெரியுது. எங்க தொழில்ல உக்காரக் கூடாது. காலையில ஷட்டரைத் தூக்கினதுல இருந்து ராத்திரி எறக்குற வரைக்கும் நிக்கணும். வாங்க ஆள் வரலைன்னாலும் நிக்கணும். உக்காந்திருக்கவனைப் பாத்தா உள்ள வந்தவன் திரும்பிப் போயிருவான்னு பழைய மொதலாளி சொல்லுவாவ. நடுவுல கவர்மெண்டு சட்டமே போட்டுச்சுல்லா, கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார ஏதாவது குடுக்கணும்னு. எங்க கடையிலயும் மாடிக்கு ரெண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டாவ. மறுநாள் பாத்தா அந்த ஸ்டூல் மேல புதுசா வந்த பேன்ட் துணிய அடுக்கி வச்சிருக்கு. நாங்க பக்கத்துல நிக்கோம்.

நான் நின்னது வேட்டி செக்ஷன்ல. எத்தனை வருசம்னு கேக்காதீங்க, எண்ணினாலே கால் வலிக்கும். கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு சுருண்டு கெடக்கு, இந்தா பாருங்க. சரி, வேண்டாம், சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க. அப்பதான் கடையில பில் போடுறதெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறுச்சு. நாலாவது மாடியில, குடோனை ஒட்டி, கண்ணாடிக் கதவு வச்சு, ஏசி போட்டு, ஒரு ரூமைக் கட்டி சர்வரைக் கொண்டு வச்சாவ. மதுரையில இருந்து கொண்டு வந்தவன் போகும்போது, ‘யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்’னான். பழைய மொதலாளி சுத்திமுத்திப் பாத்தாவ. ஒரு பய முன்னுக்கு வரல, கரண்டு அடிக்கும்னு பயம். நான் எதைப் பாத்தேன் தெரியுமா? சர்வரைப் பாக்கல. அதுக்கு முன்னால ஒரு நாற்காலி கெடந்துச்சு. சக்கரம் வச்சது, சாய்ஞ்சுக்கிடலாம். ‘நான் பாத்துக்கிடுதேன் மொதலாளி’ன்னு கையத் தூக்கிட்டேன்.

அன்னையில இருந்து நான் சர்வர் இன்சார்ஜ். என்ன வேலைன்னு கேக்கீங்களா? பச்சை லைட்டு எரியுதான்னு பாக்கணும். செவப்பு எரிஞ்சா மதுரைக்குப் போன் போடணும். செவப்பு எப்பவாவதுதான் எரியும். மத்த நேரம் என்ன செய்வேன்னா, பச்சை எரியுதான்னு பாக்கணும்லா, அதைத்தான் செய்வேன். லேசான வேலைன்னு நெனைக்காதீங்க. மத்தியானம் சாப்பிட்டு வந்து ஏசியில உக்காந்து ஒரே லைட்டைப் பாத்துக்கிட்டு இருந்து பாருங்க, அப்ப தெரியும்.

பழைய மொதலாளி காலமானதும் மகன் வந்தாரு. சிவநேசன்னு பேரு. மெட்ராஸ்ல படிச்சவரு, நல்ல மனுசன், யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. எல்லாத்தையும் போன்லயே பாக்கணும் அவருக்கு, அதுதான் கோளாறு. இந்த ஆடி பிறக்கிறதுக்கு முன்னால ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ‘அண்ணாச்சி, சர்வர் மேனேஜ்மெண்ட் சாப்ட்வேர்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டா சர்வருக்குச் சூடு ஏறினாலும், உள்ள காத்தாடி நின்னாலும், டிஸ்க் கெட்டாலும் என் போனுக்கே தகவல் வந்துரும். பக்கத்துல ஆளு உக்காந்து பாக்க வேண்டாம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு வேட்டி செக்ஷன்ல ஆளு பத்தல. நீங்க கீழ வந்துருங்க’ன்னாரு.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குப் பாதத்துல இருந்து இடுப்பு வரைக்கும் வலி ஏறுச்சு. இன்னும் ஒருநாள்கூட நிக்கல, அதுக்குள்ள.

அந்த சாப்ட்வேரைப் போடுறதுக்கு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில உள்ள ஒரு கம்பெனியில இருந்து பிள்ளை ஒருத்தி வந்தா. பெனிட்டா ஜெபராணி. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, முதுகுல ஒரு பை. வந்ததும் வராததுமா, ‘அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிக்கீங்களா, நான் உக்காந்து பாக்கணும்’னா. வந்த அன்னைக்கே என் நாற்காலிக்கு வேட்டு. நான் எந்திரிச்சு நின்னு, அவ பின்னால இருந்து ஸ்கிரீனைப் பாத்தேன்.

அந்த சாப்ட்வேர் லேசுல உள்ள வராது தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பொண்ணு பாக்க வந்தவங்க வீட்டைச் சுத்திப் பாப்பாவல்லா, அது மாதிரி மொதல்ல ஒவ்வொண்ணா கேக்கும். மெமரி இருக்கான்னு கேட்டுச்சு, டிக் போட்டுச்சு. டிஸ்க்குல இடம் இருக்கான்னு கேட்டுச்சு, டிக் போட்டுச்சு. நான் சாமியக் கும்பிட்டுக்கிட்டே நிக்கேன். கடைசியில செவப்புல ஒரு இன்டு மார்க்கு விழுந்துச்சு பாருங்க. டிவைஸ் டிரைவர் இல்லையாம். அது இல்லாம உள்ள எறங்க மாட்டேன்னு அப்படியே நின்னுட்டு.

அந்தப் பிள்ளை எனக்கு நல்லாத்தான் வெளக்கிச் சொன்னா. ‘உள்ள போர்டுல ஒரு சின்ன சிப்பு இருக்கு அண்ணாச்சி. சூடு, காத்தாடி, கரண்டு எல்லாக் கணக்கும் அதுக்குத் தெரியும். ஆனா அது பேசுறது இந்த சாப்ட்வேருக்குப் புரியாது. நடுவுல நின்னு சொல்லுறதுக்குத்தான் டிரைவர். அதுவும் இந்த மாடலுக்குன்னே உள்ளதா இருக்கணும், வேற மாடலுக்கு உள்ளதைப் போட்டா சேராது. டிரைவரைப் போட்டு, சர்வரை ஒருக்கா அணைச்சுப் போட்டு, அதுக்கப்புறம்தான் சாப்ட்வேர் எறங்கும்’னா. கல்யாணத் தரகர் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. தரகர் வராம பேச்சு நடக்காது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. டிரைவர் கெடைக்காத வரைக்கும் நாற்காலி எனக்குத்தானே?

‘மாடல் நம்பர் என்ன அண்ணாச்சி?’ன்னு சர்வருக்கு முன்னால குனிஞ்சா. அங்கதான் நம்பர் ஒட்டியிருக்கும். ஆனா ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் நான் சந்தனத்தைக் கொழைச்சு, குங்குமம் வச்சு, சரியா அந்த ஸ்டிக்கர் மேலதான் பொட்டு வைப்பேன். மத்த இடமெல்லாம் கருப்பு, அங்கதான் வெள்ளையா பொட்டு எடுப்பா தெரியும். வருசா வருசம் வச்சு வச்சு அது ஒரு அடை மாதிரி காய்ஞ்சு போயி கெடக்கு. அந்தப் பிள்ளை நகத்தால சொரண்டப் போனா. ‘ஏம்மா, பூசை வச்ச இடம், சொரண்டாதே’ன்னேன். கையை எடுத்துட்டா, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. ரெண்டு நாள் ஓட்டிரலாம்னு நெனைச்சேன். அவ என்ன செஞ்சா? நாற்காலியில உக்காந்து என்னமோ ஒரு வரி தட்டினா, சர்வரே தன் மாடல் நம்பரைச் சொல்லிட்டு. இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தெரியாது, பாத்துக்கிடுங்க. இத்தனை வருசம் பக்கத்துல இருக்கேன், என்ட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கா அது?

சரி, நம்பர் கெடச்சுட்டு. டிரைவர் கெடைக்கணும்லா? அங்கதான் நம்ம பக்கம் காத்து அடிச்சுச்சு. மாடல் பழசு. கம்பெனி வெப்சைட்டுல அந்த டிரைவரை எடுத்துட்டாங்களாம். அடுத்த மாடலுக்கு உள்ளதை எடுத்துப் போட்டுப் பாத்தா, சேரல. ‘சர்வரோட ஒரு சீடி வந்திருக்குமே அண்ணாச்சி, அதுல இருக்கும்’னா. ‘சீடியா? அதெல்லாம் பழைய மொதலாளி காலத்துலயே எங்கயோ போயிட்டும்மா’ன்னேன். மொகத்துல ஒரு சுழிப்பு இல்லாம சொன்னேன். மொதலாளிக்கும் அதே பதில்தான். அவரும் குடோனையெல்லாம் தேடச் சொன்னாரு. நானே ஏணி போட்டு ஏறித் தேடினேன். நல்லாத் தேடினேன் தம்பி, கடையில அது இல்லைன்னு எனக்குத்தானே தெரியும்.

ஒரு வாரம் இப்படியே போச்சு. அந்தப் பிள்ளை தெனமும் பஸ் ஏறி வரும், நெட்டுல தேடும், யார் யாருக்கோ போன் போடும், ஒண்ணும் நடக்காது, சாயங்காலம் போயிரும். பாவமாத்தான் இருக்கும். மத்தியானம் என் கூடவே உக்காந்து சாப்பிடுவா, அவ நாற்காலியில, நான் ஒரு பார்சல் பண்டல் மேல. என் வீட்டுக்காரி மாரிச்செல்வி குடுத்துவிட்ட கூழ்வத்தலை அவளுக்கும் ரெண்டு வைப்பேன். ‘இவ்வளவு நல்லா இருக்கே, எங்க வீட்டுல காயப்போட்டா பாதியக் காக்கா தின்னுட்டுப் போயிரும்’னா. நம்ம வீட்டு வத்தலை ஒருத்தி மெச்சும்போது வாய் சும்மா இருக்குமா? ‘காக்காவா? எங்க மாடியில ஒண்ணு கிட்ட வராது. மாரிச்செல்வி சீடியக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கா. வெயில்ல அது மினுங்குற மினுங்கலைப் பாத்தே காக்கா ஓடிரும்’னேன்.

‘என்ன சீடி அண்ணாச்சி?’ன்னா.

‘பழைய சீடிம்மா. கடையில சும்மா கெடந்துச்சு, கொண்டு குடுத்தேன்’னேன்.

சொல்லி முடிச்சுட்டு வத்தலைக் கடிக்கேன், கடிபட மாட்டேங்குது. அவ பாட்டுக்குத் தலையக் குனிஞ்சு சாப்பிட்டா. அவளுக்கு ஒண்ணும் ஓடலைன்னு நெனைச்சு நானும் விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு வாசல்ல வந்து நிக்கா! சர்ச்சுக்குப் போயிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருக்கா. நான் செவத்துல காலைத் தூக்கிச் சாய்ச்சு வச்சுக்கிட்டு மல்லாந்து கெடக்கேன். ஞாயித்துக்கிழமைன்னா அப்படித்தான், மாரிச்செல்வி எண்ணெயக் காய்ச்சித் தடவுவா. அந்தப் பிள்ளை என் காலைப் பாத்துக்கிட்டே நின்னா. ‘எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. தூத்துக்குடியில ஜவுளிக்கடையில நின்னாங்க’ன்னா. நான் காலை எறக்கி வேட்டிய இழுத்து விட்டுக்கிட்டேன். அவ அம்மா கதைய யாரு கேட்டா?

மாரிச்செல்விக்குத்தான் வாய் நிக்காதே. ‘முன்ன எல்லாம் ராத்திரி பூரா காலைப் புடிச்சுக்கிட்டு அழுவாவ. மேல நாற்காலி குடுத்த பொறவுதான் தூங்குதாவ. இப்ப திரும்பவும் கீழ வரச் சொல்லிட்டாங்களாமே’ன்னு என் மானத்தை வாங்கிட்டா. அந்தப் பிள்ளை காப்பியக் குடிச்சுட்டு ரொம்ப நேரம் டம்ளரைக் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, ‘அக்கா, மாடியில ஒரு சீடி தொங்குதாமே, பாக்கலாமா?’ன்னு கேட்டா. இவ கூட்டிட்டுப் போயி, ‘ரெண்டு கெடக்கே, எது வேணும்’னு அவுத்தே குடுத்துட்டா. ஒண்ணு வெயில்ல வெளுத்துப் போயிருந்துச்சு. இன்னொண்ணுதான் அது. கண்ணாடி தொடைக்கிற துணியால அதைத் தொடைச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. ‘குடோன்ல பழைய பேப்பருக்கு அடியில கெடந்துச்சுன்னு சார்ட்ட சொல்லிடுதேன் அண்ணாச்சி’ன்னா. என் மேல பயம் வந்துட்டு போல.

எனக்கு இன்னும் ஒரு வழி பாக்கி இருந்துச்சு. டிரைவரைப் போட்டா சர்வரை அணைச்சுப் போடணும்லா? தபசுக் கூட்டம் நெருங்கிட்டு, பில்லிங் நின்னா கடை நின்னுரும். மொதலாளி ரொம்ப யோசிச்சு, திங்கக்கிழமை காலையில கடை திறக்கறதுக்கு முன்னால அணைச்சுப் போடுங்கன்னாரு. திங்கக்கிழமை காலையில ஏழரைல இருந்து ஒன்பது ராகு காலம். அதுக்கு மேல கடை திறந்துரும். ‘ராகு காலத்துல தொட்டா சர்வர் திரும்ப எந்திரிக்காதும்மா, நான் அனுபவத்துல சொல்லுதேன்’னு அவட்ட சொன்னேன். ‘எங்களுக்கு ராகு காலம் கிடையாது அண்ணாச்சி. நீங்க தொட வேண்டாம், வெளிய நில்லுங்க, நான் தொடுதேன்’னுட்டா. கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்தேன். பச்சை லைட்டு அணைஞ்சுச்சு. திரும்ப எரிஞ்சுச்சு. டிரைவர் உக்காந்துட்டு. அதுக்கப்புறம் அந்த சாப்ட்வேர் ஒண்ணொண்ணா டிக் போட்டுக்கிட்டே உள்ள எறங்குச்சு, செவப்பு இருந்த இடம் எல்லாம் பச்சை. ராகுவும் கைவிட்டுட்டாரு.

மொதலாளி போன்ல பாத்து ஒரே சந்தோசம். ‘அண்ணாச்சி, நாளையில இருந்து கீழ’ன்னாரு. அழுதுருவேனோன்னு பயந்து, ஏசி ரிமோட்டைத் தேடுற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டேன்.

இனிமேதான் தம்பி புகாரே இருக்கு. இது வரைக்கும் அவ வேலைய அவ செஞ்சா, நான் குறை சொல்லல. கடைசியில கோட்டை விட்டுட்டா.

சூடு எவ்வளவு ஏறினா போனுக்குத் தகவல் போகணும்னு ஒரு அளவு வைக்கணுமாம். என்ட்ட கேட்டா. ‘அண்ணாச்சி, இந்த ரூம்ல சூடு எவ்வளவு வரைக்கும் ஏறும்?’ ‘இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி வரும். மேல மொட்டை மாடில்லா’ன்னேன். ‘எப்ப ஏறும்?’ ‘ரெண்டரை மூணு மணிக்கு. சாப்பிட்டுக் கண்ணைச் சொருகும் பாரு, கால் கெஞ்சும் பாரு, அந்த நேரம்’னேன். சரின்னு தட்டினா. இருபத்தியாறுன்னு தட்டினா, நான் பாத்தேன்.

அதோட விட்டாளா? மொதலாளிட்ட போயி, ‘சார், தகவல் உங்க ஒருத்தருக்கு மட்டும் வந்தா பத்தாது. மாடிக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் டீ குடிக்கப் போயிருப்பாங்க, ஒருத்தர் கஸ்டமரோட இருப்பாங்க. அதனால முறை வச்சு மாத்தி மாத்தி மேல போகணும். போறவங்க சூடு எறங்குற வரைக்கும் அரை மணி நேரம் இருந்து பாக்கணும். ஸ்கிரீன் தாழ இருக்கு சார், நின்னு பாத்தா தெரியாது, உக்காந்துதான் பாக்கணும்’னு சொல்லியிருக்கா. மொதலாளி பயந்து போயி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டாரு. அப்புறம் இவ மாடி மாடியா போயி, ‘இங்க ரொம்ப வருசமா நிக்கிறது யாரு?’ன்னு கேட்டுக் கேட்டு அவங்க போன் நம்பரை ஏத்தினா. அனுபவம் உள்ள ஆளா வேணுமாம். சர்வரைக் கண்ணால பாக்காதவங்களுக்கு என்ன அனுபவம்? பட்டுச்சேலை செக்ஷன் வேலம்மாக்காவுக்கு சர்வர்னா ஹோட்டல்ல இட்லி வைக்கிறவன்னுதான் தெரியும்.

மொத நாள் மூணு மணிக்கு எல்லார் போனும் ஒண்ணா அலறுச்சு. என் முறை. மாடிப்படிய ரெண்டு ரெண்டா தாவி ஏறினேன். அதே நாற்காலி, அதே சாய்மானம். உக்காந்ததும் கால்ல இருந்து ஏதோ எறங்கிப் போச்சு தம்பி. அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியாததும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்னு நெனைச்சேன்.

மறுநாளும் அலறுச்சு. நான் ஓடுதேன், ‘இன்னைக்கு வேலம்மா போகட்டும் அண்ணாச்சி’ன்னுட்டாரு மொதலாளி. மனசு கேக்கல, டீக்குப் போற சாக்குல நைசா மேல போயி எட்டிப் பாத்தேன். வேலம்மாக்கா என் நாற்காலியில. செருப்பைக் கழத்திப் போட்டுட்டு, காலை ஒரு அட்டைப்பெட்டி மேல நீட்டிக்கிட்டு, ஸ்கிரீனுக்கு நேரா மொகத்தை வச்சிருக்கா. கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. ‘என்னக்கா, பாக்கீங்களா?’ன்னேன். ‘பாக்கேன் பாக்கேன், நல்லா எறங்குது’ன்னா, கண்ணைத் தொறக்காம.

அதுக்கு அடுத்த நாள் சுடிதார் செக்ஷன்ல இருந்து ஒருத்தி. அப்புறம் பேன்ட் சட்டைக்காரர். இப்படி ஒரு சுத்து சுத்தி எனக்கு வர ஒரு வாரம் ஆகுது. பாடுபட்டுப் புடிச்ச நாற்காலி, பூசை வச்சு, சந்தனம் தடவிக் காப்பாத்தின நாற்காலி, இப்ப அதுக்குக் கடையே வரிசையில நிக்கு. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

மொதலாளிக்கும் இப்ப ஆத்திரம் வந்துட்டு. தெனமும் மூணு மணிக்குப் போன் அலறுது. ஏசிக்காரனைக் கூப்பிட்டுப் பாத்தாரு, ஏசி நல்லாருக்குன்னுட்டான். கம்பெனிக்குப் போன் போட்டா பாட்டுதான் பாடுது. ‘அண்ணாச்சி, நீங்களே நேர்ல போங்க. அவங்க மேனேஜரைப் பாத்து, அந்தப் பிள்ளை என்னத்தையோ தப்பாப் போட்டுட்டுப் போயிட்டுன்னு சொல்லி, வேலை தெரிஞ்ச ஆளாக் கூட்டிட்டு வாங்க’ன்னாரு. நான் சாப்பிடக்கூட இல்ல, நேரா பஸ் ஏறிட்டேன்.

என்ன தம்பி? ஆமா, இருபத்தியாறுதான். எவ்வளவு போடணும்? நாப்பதா? நாப்பதுக்கு மேல போனாத்தான் அலறணுமா? பாத்தீங்களா, நான் சொன்னேன்லா, வேலை தெரியாத பிள்ளைன்னு. நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, மேனேஜர் மொகத்துக்கு நேரா நீட்டிருவேன்.

என்ன சொல்லுதீங்க, தெரிஞ்சே போட்டிருப்பாளா? போங்க தம்பி. தெரிஞ்சு எவளாவது தன் வேலையத் தானே கெடுத்துக்கிடுவாளா? என்ன லாபம் அவளுக்கு? படிச்சவங்க நீங்க ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக் குடுக்க மாட்டீங்க.

சரி, நாப்பதுன்னே மாத்திட்டாங்கன்னு வச்சுக்கிடுவோம். எங்க ரூம் இருபத்தெட்டைத் தாண்டாதே. அப்ப அலறாதா? சித்திரை வெயில்லயும் அலறாதா? வருசம் பூராவுமா?

அப்ப யாரும் மேல போக வேண்டாம்.

நானும் போக வேண்டாம்.

இருங்க தம்பி, கொஞ்சம் யோசிச்சுக்கிடுதேன்.

அன்னைக்கு வேலம்மாக்கா மேல இருந்து எறங்கி வரும்போது சிரிச்சுக்கிட்டே வந்தா. அந்தக் கடையில மத்தியான நேரத்துல அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்னைப் பாத்து, ‘கோமதி, இவ்வளவு நாளா நீ மட்டும் உக்காந்திருந்தியே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியால?’ன்னு கேட்டா. வெளையாட்டாத்தான் கேட்டா. எனக்கு அது இன்னும் நெஞ்சுக்குள்ளயே நிக்கு.

இது எந்த ஊரு, தேவர்குளமா?

அந்தப் பிள்ளைய நெனைச்சாலும் பாவமாத்தான் இருக்கு, பாத்துக்கிடுங்க. மேனேஜர்ட்ட போயிச் சொன்னா வேலை போயிரும். அம்மாக்காரி வேற காலை வச்சுக்கிட்டு வீட்டுல இருக்கா. வேலை தெரியாத பிள்ளைதான், அதுக்காகக் காட்டிக் குடுக்கணுமா? நான் பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்னு வச்சுக்கிடுங்க. இந்தப் பஸ்ல போறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.

மொதலாளிட்ட என்ன சொல்லவா? அதுக்கா வழி இல்ல? டிரைவர் இருக்கே. ‘நாம போட்ட டிரைவர் பழசாம் மொதலாளி, புது டிரைவர் எழுதிக்கிட்டு இருக்காங்களாம். அது வர்ற வரைக்கும் சூடு இப்படித்தான் காட்டுமாம், ஆளு உக்காந்து பாக்கத்தான் வேணுமாம்.’ எப்ப வரும்னு கேட்டா தீபாவளி கழியட்டும்னு சொல்லிருவேன். எந்தத் தீபாவளின்னு நான் எதுக்குச் சொல்லணும்?

கண்டக்டரே, தேவர்குளம் எறங்கணும். டிக்கெட் திருநெல்வேலிக்குத்தான் எடுத்தேன், இருக்கட்டும், மிச்சத்தை நீங்களே வச்சுக்கிடுங்க. யம்மா, நீங்க ஏன் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கீங்க, இந்த எடத்துல உக்காருங்க.

வாரேன் தம்பி. எதுத்தாப்புல ஒரு பஸ் வருதான்னு பாக்கணும். மூணு மணிக்குள்ள கடைக்குப் போயாகணும், இன்னைக்கு என் முறை.